கேட்காமல் விட்ட கட்டம்

சசிரேகா: ...இல்லண்ணா, போன்ல லிஸ்ட்ட நல்லா பாத்துட்டேன். போன் நம்பர் கீது, டிக்கு போடற எடம் கீது. பேரு தான் இல்ல. ஒண்ணு கூட இல்ல.

வரதன்: மூடிட்டுத் திறந்து பாரு.

சசிரேகா: மூணு தபா மூடித் தொறந்துட்டேன். வூட்டு நம்பர் இருந்த எடமும் வெறிச்சுன்னு கீது. இங்க பள்ளிக்கூட வாசல்ல பள்ளத் தெரு ஜனம் மொத்தமும் நனைஞ்சிகினு நிக்குது. யாரு வந்தாங்க, யாரு வரலன்னு நான் எத வச்சி எண்றது?

வரதன்: ஏரி எப்படி இருக்கு?

சசிரேகா: ஆல்பர்ட்டு இப்பதான் கரையில இருந்து வந்தாரு. ஏரி ரொம்பி கலங்கல் தாண்டி தண்ணி போவுதாம். பள்ளத் தெருவுல மொழங்கால் அளவு. மூணு மணிக்கெல்லாம் இடுப்பு வந்துடும்ங்கறாரு. அண்ணா, நீ இன்னா பண்ண?

வரதன்: இரு, இங்கயும் தொறந்து பாக்கறேன்.

சசிரேகா: பாத்தியா?

வரதன்: பாத்தேன். மார்ச் வெள்ள ஒத்திகைல போட்ட "வந்தாச்சு" எல்லாருக்கும் அப்படியே இருந்துச்சு. காலைல அத "இன்னும் வரல"ன்னு மாத்துனேன். மாத்தும்போது...

சசிரேகா: மாத்தும்போது?

வரதன்: பேரு அழிஞ்சிடுச்சு.

சசிரேகா: அழிஞ்சிடுச்சா, அழிச்சிட்டியா?

வரதன்: அழிச்சிட்டேன்.

சசிரேகா: ஐயய்யோ... எப்படிண்ணா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இங்க ஹெட்மாஸ்டர் என் மூஞ்சையே பாத்துகினு நிக்கறாரு.

வரதன்: ஒரு ஆளுக்கு அஞ்சு கட்டம். வரிசை எண், பேரு, வீட்டு நம்பர், போன், வந்தாச்சா இல்லையா. லிஸ்ட் இருக்கற சர்வர் கிட்ட எந்தெந்தக் கட்டம் வேணும்னு சொல்லிக் கேக்கலாம். நான் மூணு தான் கேட்டேன். வரிசை எண், போன், வந்தாச்சா.

சசிரேகா: சரி.

வரதன்: திருப்பி அனுப்பும்போது, "இந்த ஒரு கட்டத்த மட்டும் மாத்து"ன்னு கூடவே எழுதணும். எழுதல. எழுதலன்னா அஞ்சு கட்டத்தையும் நான் அனுப்புன மாதிரியே மாத்திடும். என் கையில பேரு இல்ல. அதனால அங்கயும் இல்லாம போச்சு.

சசிரேகா: அதாவது... என் பிளவுஸுக்குக் கை மட்டும் பிரிச்சித் தைக்கக் குடுத்தா, டைலரு கைய மட்டும் தைச்சிக் குடுத்துட்டு, ஒடம்பு துணிய தூக்கிப் போட்டுட்டான். அப்டி தான?

வரதன்: அப்படிதான்.

சசிரேகா: பேரையும் சேத்துக் கேட்டு வாங்கியிருந்தா இந்த பேஜாரே இல்லல்ல? ஏண்ணா கேக்கல?

வரதன்: நெட் ஸ்லோவா இருந்துச்சு. கொஞ்சமா கேட்டா சீக்கிரம் வரும்.

சசிரேகா: நூத்திப் பன்னெண்டு பேரு இன்னா அவ்ளோ வெயிட்டா?

வரதன்: சசி... இப்ப அதப் பேசி ஒண்ணும் ஆவாது. நேத்து எடுத்த காப்பி ஒண்ணு இருக்கு. திருப்பிக் கேட்டிருக்கேன். ஆறு மணி ஆவும்ங்கறாங்க.

சசிரேகா: ஆறு மணிக்கு இங்க வந்து மீனு தான் புடிக்கணும். நீ கெளம்பி நேர்ல வாயேன்.

வரதன்: சாலவாக்கம் ரோட்ல தண்ணி. உத்திரமேரூர்ல இருந்து ஒரு பஸ்ஸும் எடுக்கல. ரூம்லதான் இருக்கேன். பேர நாமளே திருப்பி வாங்கிடலாம். நீ ஒவ்வொருத்தரா கூப்பிட்டு போன் நம்பரும் பேரும் கேட்டுச் சொல்லு. நான் தேடி ஏத்தறேன்.

சசிரேகா: நூத்திப் பன்னெண்டு பேரையுமா?

வரதன்: நூத்திப் பன்னெண்டு.

சசிரேகா: திலகா அண்ணி இருந்திருந்தா இந்நேரம்...

வரதன்: முதல் ஆள் யாரு?

சசிரேகா: இல்லண்ணா, வூடு வூடா ஏறி எறங்கி இந்த லிஸ்ட்ட எழுதனதே அண்ணி தான. கண்ண மூடிகினு வரிசையா சொல்லியிருக்கும். போயி நாலு மாசம் கூட ஆவல, அதுக்குள்ள...

வரதன்: முதல் ஆள் யாரு, சசி?

சசிரேகா: ...பவளம் அக்கா. கடைசி நாலு நம்பர் சொன்னா போதுமா? ஏழு ஒண்ணு ஆறு ஆறு.

வரதன்: இருக்கு. மூணாவது வரி. ஏத்திட்டேன். வந்துச்சா பாரு.

சசிரேகா: "பவளம்"னு வந்துச்சி! அக்கா, கைய குடு... ஒண்ணு. உள்ள போ, நேரா போயி பெஞ்சுல குந்து. அண்ணா, இந்த தபா மத்தது எதுவும் அழியலியே?

வரதன்: இல்ல. "பேரு மட்டும்"னு எழுதிதான் அனுப்பறேன்.

சசிரேகா: காலையிலயே இந்தப் புத்தி இருந்திருந்தா... சரி, திட்டல. அடுத்து வேதகிரி. மூணு மூணு சைபர் எட்டு.

வரதன்: அறுபத்திரெண்டாவது வரி. ஏத்தியாச்சு.

சசிரேகா: கைய குடுங்க... ரெண்டு. அடுத்தது பாண்டுரங்கன் தாத்தா. தாத்தா, உங்க போன் நம்பரு இன்னா? ...தெரியாதாம். போன் பின்னாடி ஒட்டி வச்சிக்கீறாராம், படிக்கறாரு... தாத்தா, அது சிலிண்டர் புக் பண்ற நம்பரு!

வரதன்: அவர் போன்ல இருந்து உனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு.

சசிரேகா: பேலன்ஸ் இல்லியாம்.

வரதன்: கடைசில நிக்க வை. மிச்சம் இருக்கற நம்பர்ல ஒண்ணு அவரோடது.

சசிரேகா: கடைசில நிக்கணுமான்னு கோச்சிக்கறாரு. ...அடுத்து மார்த்தாளு. அஞ்சு சைபர் சைபர் ரெண்டு. தெருவுல எல்லாரும் பாப்பான்னு தான் கூப்புடுவாங்களாம். எந்தப் பேரு போடறதுன்னு கேக்குது.

வரதன்: எந்தப் பேர சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க?

சசிரேகா: ...ரெண்டுக்கும் திரும்புவேன்னுது. சிரிக்குது பாரு, இந்த மழையில.

வரதன்: மார்த்தாள்னே போடறேன். பதினெட்டாவது வரி.

சசிரேகா: கைய குடு... மூணு. நீ ரெண்டு பேருக்கும் ஒரு தபா தான் எண்ணுவேன், போ.

வரதன்: கையத் தொட்டுத் தொட்டுதான் எண்றியா?

சசிரேகா: பின்ன? ஒத்திகையில அண்ணி இன்னா சொல்லிக் குடுத்துச்சி? "வாயால சொல்றத எண்ணாதடி, கையத் தொட்டு எண்ணு"ன்னு.

வரதன்: ...அடுத்த நம்பர்.

சசிரேகா: ஒம்போது ஒம்போது ஒண்ணு நாலு. மோகன்.

...

சசிரேகா: ...நூத்தியொம்பது. தொண்ட கட்டிப் போச்சுண்ணா. மணி இன்னா?

வரதன்: மூணு பத்து.

சசிரேகா: மூணு வரி தான் பாக்கி. முப்பத்தொண்ணு, எழுவது, எண்பத்தேழு. தோ, பாண்டுரங்கன் தாத்தா என்னையே மொறைச்சிகினு நிக்கறாரு. முப்பத்தொண்ணுக்கு அடிச்சிப் பாக்கறேன். என் போன்ல நீ கீற, பக்கத்துல கீற ஐசக்கு போன்ல இருந்து அடிக்கறேன். ...தாத்தா இடுப்புல அடிக்குது! வாங்க தாத்தா, கைய குடுங்க. நூத்திப்பத்து.

வரதன்: எழுபது ஐசக்கோடதா இருக்கும். கேட்டுப் பாரு.

சசிரேகா: ஆமா, ஆமா, அவனோடது தான். ஊரையெல்லாம் இஸ்துகினு வந்துட்டு தன்ன எண்ணிக்கவே இல்ல, லூசு. டேய், கைய குடு. நூத்திப் பதினொண்ணு.

வரதன்: அவ்ளோதான். நீ போய் எதாவது சாப்பிடு.

சசிரேகா: அவ்ளோதானா? எண்பத்தேழு கீதே.

வரதன்: அத விடு, சசி.

சசிரேகா: ஹால்ல எல்லார் கிட்டயும் கேட்டுட்டேன், யாரோடதுன்னு தெரியல. அடிக்கறேன் இரு.

வரதன்: எடுக்க மாட்டாங்க.

சசிரேகா: உனக்கெப்டித் தெரியும்?

வரதன்: போன் நனைஞ்சிருக்கும்.

சசிரேகா: ரிங் போவுதுண்ணா! ...எடுக்கல. உன் பக்கம் இன்னா அது, கொய்ங் கொய்ங்குனு?

வரதன்: கீழ ஜெராக்ஸ் கடை.

சசிரேகா: திரும்பவும் அடிக்கறேன். போவுது... போவுது... எடுக்கல. போனு உசுரோட கீது, ஆளு எடுக்கல. அண்ணா, யாராவது வயசானவங்க, கட்டில்ல இருந்து எறங்க முடியாம...

வரதன்: ஒரு நிமிஷம் இரு.

சசிரேகா: இன்னா பண்ற? ...இரு, இரு. நூத்திப் பன்னெண்டு வந்தாச்சுன்னு காட்டுது. எண்பத்தேழுக்கு யாரு டிக்கு போட்டது?

வரதன்: நான்தான். அந்த ஒரு கட்டத்த மட்டும்தான் மாத்துனேன், வேற எதுவும் அழியல.

சசிரேகா: அழிஞ்சதையா கேட்டேன்? யாரும் வரலியே இங்க!

வரதன்: பாதுகாப்பா இருக்காங்க. எனக்குத் தெரியும்.

சசிரேகா: யாரு? பேர சொல்லு. பேரு எடம் வெறுமனே கீது, ஆளு வந்தாச்சுன்னு போட்டா இன்னா அர்த்தம்? பேரு அழிஞ்ச பயத்துல நீ கணக்க முடிக்கப் பாக்கறியாண்ணா?

வரதன்: இல்ல சசி.

சசிரேகா: நான் கையத் தொடாம எண்ண மாட்டேன். டிக்க எடுத்துட்டேன். ஆல்பர்ட்டண்ணே! ஒருத்தர் பாக்கிண்ணே, பள்ளத் தெருவுல!

வரதன்: அவர எதுக்குக் கூப்பிடற?

சசிரேகா: வேற யார கூப்புட? கயித்த எடுத்துகினு கெளம்பிட்டாரு. பூட்டுன வூடு, தொறந்த வூடு எல்லாத்தையும் தட்டிப் பாக்கறேங்கறாரு.

வரதன்: தெரு முழுசுமா?

சசிரேகா: வூட்டு நம்பர் இருந்தா நேரா அங்க போயிருப்பாரு. அதையும் தான் அழிச்சி வச்சிக்கீறியே.

வரதன்: தண்ணி எவ்ளோ இருக்கு?

சசிரேகா: தெரு மொனையில தொடை வரைக்கும். கால்வா ஓரம் இஸ்துகினு போவுதாம். ஐசக்கு ஒரு மொனைய தூண்ல கட்டிப் புடிச்சிகினு கீறான். ...எறங்கிட்டாரு. ஆண்டவா.

வரதன்: வேணாம்னு சொல்லு.

சசிரேகா: இன்னாண்ணா பேசற நீ? ஒரு உசுரு கீது அங்க!

வரதன்: இல்ல.

சசிரேகா: இன்னா இல்ல?

வரதன்: அங்க யாரும் இல்ல, சசி. ஆல்பர்ட்ட மேல ஏறச் சொல்லு.

சசிரேகா: எப்படி...

வரதன்: முதல்ல ஏறச் சொல்லு!

சசிரேகா: ஆல்பர்ட்டண்ணே! வேணாம்ணே! திரும்பு! டேய் ஐசக்கு, கயித்த இஸ்துப் புடிடா... காதுல வுழல அவருக்கு... அண்ணே! ...பாத்துட்டாரு. திரும்பறாரு. கால் வழுக்குது... ஐயோ... இஸ்துடா, இஸ்து... புடிச்சிட்டான். ஏறிட்டாரு. உக்காந்துட்டாரு.

வரதன்: அடி எதாவது...?

சசிரேகா: மொழங்கைல தோலு பேந்துகீது. என்ன கெட்ட வார்த்தையில திட்டறாரு. திட்டட்டும். இப்ப சொல்லு. ஆளு இல்லாத எடத்துல போனு எப்படி அடிக்கும்?

வரதன்: அந்த நம்பருக்கு இன்னொரு தடவ அடி.

சசிரேகா: எதுக்கு? ...அடிக்கறேன். ரிங் போவுது. ...அண்ணா.

வரதன்: ம்.

சசிரேகா: உன் பக்கம் அடிக்குது.

வரதன்: ம்.

சசிரேகா: ஜெராக்ஸ் கடைன்னியே.

வரதன்: சட்டைப் பையில இருக்கு. தினம் சார்ஜ் போடறேன்.

சசிரேகா: அண்ணியோட போனு.

வரதன்: ரிங்க கட் பண்ணு, சசி.

சசிரேகா: இரு, கட் பண்ணிட்டேன். ...பள்ளத் தெரு வூட்ட பூட்டிட்டு ரூமுக்குப் போனதும் உன் பேர லிஸ்ட்டுல இருந்து எடுத்துட்டேன்னு சொன்னியே. ரெண்டு பேரோடதும் போச்சுன்னு தான் நான் நெனச்சிகினு இருந்தேன்.

வரதன்: என்னோடத மட்டும்தான் எடுத்தேன்.

சசிரேகா: ...ஆல்பர்ட்டு கேக்கறாரு, யாரு அந்த ஆளுன்னு. நான் இன்னான்னு சொல்ல?

வரதன்: எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்லு. நூத்திப் பதினொண்ணுதான்.

சசிரேகா: சொல்றேன். நீ நாஷ்டா கூட துன்னிருக்க மாட்ட... அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? காலையில நெட்டு ஸ்லோன்ன. மூணு மணி நேரமா நூத்திப் பதினோரு பேர ஏத்தன. ஒரு தபா கூட நிக்கலியே நெட்டு?

வரதன்: காலைலயும் நல்லாதான் இருந்துச்சு. பேரக் கேட்டா எண்பத்தேழுல திலகா வருவா. பக்கத்துல "இன்னும் வரல"ன்னு நானே எழுதணும். அதான் சசி, பேரக் கேக்கல.