கஸ்வீன் வீட்டுக்கு வந்த விருந்தாளி

இன்று 1946 மார்ச் 3. மாலை ஐந்து மணி இருபது நிமிடம். அந்நியப் படையை ஏற்றிப்போக என்று கஸ்வீன் நிலையத்தில் நிறுத்தியிருக்கும் பெட்டிகள் அறுபத்து நான்கு. அவற்றில் பூட்டிய எஞ்சின் ஒன்றுகூட இல்லை.

கணக்கை முதலில் சொன்னதற்கு மன்னியுங்கள். தலை நரைத்தும் தளராத எங்கள் ரயில் தொழிலாளர் சங்கத் தலைவர் மீர்சா நஸ்ருல்லா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! கரி படிந்த கைகளும் கறை படியாத நெஞ்சும் கொண்ட நண்பர்களே! பஞ்ச காலத்தில் ரொட்டிக்கு வரிசையில் நின்று பிள்ளைகளைப் பிழைக்கவைத்த தாய்மார்களே! கஸ்வீனிலிருந்து இந்தத் தெஹ்ரான் கூட்டத்துக்கு வந்திருக்கும் பணிமனை மெக்கானிக் மனுச்செஹரின் வணக்கம்.

நாலரை ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு வல்லரசும் தெற்கே ஒரு வல்லரசும் நம் ஈரானுக்குள் நுழைந்தன. கேட்டா நுழைந்தார்கள்? நுழைந்த பிறகு ஒப்பந்தம் எழுதினார்கள்: போர் முடிந்த ஆறு மாதத்தில் போய்விடுவோம் என்று. மறு ஆண்டு கடல் கடந்த மூன்றாமவரும் சேர்ந்து, இதே தெஹ்ரானில் உட்கார்ந்து, உங்கள் சுதந்திரத்தை மதிக்கிறோம் என்று இன்னொரு தாள். ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது; தாளுக்கு வந்ததா? நேற்றோடு கெடு முடிந்தது. தெற்கே வந்தவர் போனார். கடல் கடந்து வந்தவர் போனார். வடக்கே வந்தவர்?

இருக்கிறார் என்கிறார் பின்வரிசை அண்ணன். எப்படி இருக்கிறார் என்று நான் சொல்கிறேன்.

ஆறிய எஞ்சினை மூட்டி நீராவி பிடிக்க ஆறு மணி நேரம் ஆகும். நேற்று மாலை ஆறு மணிக்கு படைக்காரர்கள் எல்லா எஞ்சினிலும் நெருப்பை இறக்கி அணைக்கச் சொன்னார்கள். நள்ளிரவுக்குள் நாட்டைவிட்டுப் போகிறவன் மாலையில் நெருப்பை இறக்குவானா? அரசியல் எனக்குத் தெரியாது. கொதிகலன் தெரியும். கொதிகலன் பொய் சொல்லாது.

தலைவர் என் கோட்டைப் பிடித்து இழுக்கிறார். “நிதானமாப் பேசு தம்பி, அவங்க தூதரகத்து ஆளுங்க உக்காந்திருக்காங்க” என்கிறார். உட்காரட்டும் ஐயா. உட்காருவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

எங்கள் நிலைய அதிகாரி இஸ்ஃபந்தியாரை உங்களில் பலருக்குத் தெரியும். படை வந்த முதல் நாள் அதன் தளபதியை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டுக் கை துடைத்த தளபதி, அழகான வீடு என்றார். நம்மவர் என்ன சொல்வார்? நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, “உங்க வீடுதாங்க, எடுத்துக்குங்க” என்றார். நாம் யார்தான் அப்படிச் சொல்வதில்லை? கடைக்காரர் காசே வேண்டாம் என்கிறார்; நாம் கொடுக்காமலா வருகிறோம்? சொல்வது மரியாதை, மறுப்பது முறை. தளபதி மறுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் அதைக் குறித்துக்கொண்டான். மறுநாள் காலையில் நாலு சிப்பாய்கள் கட்டிலோடு வந்துவிட்டார்கள்.

இஸ்ஃபந்தியாரின் மனைவி தூரான் அக்கா அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அன்று மூட்டையைத் தூக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னார்: “நல்லவேளை, அவன் வீட்டைத்தான் அழகுன்னான். என்னைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். நாலரை ஆண்டுகளாக அந்தக் குடும்பம் நிலையத்தின் சாமான் அறையில் குடியிருக்கிறது.

நேற்று நெருப்பு இறங்கியதும், இஸ்ஃபந்தியார் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். நானும் வாசல்வரை போனேன்.

மொழிபெயர்ப்பாளன், “போவோம் ஐயா, போவோம். எங்க வாக்குல நம்பிக்கை இல்லையா?” என்றான்.

“நம்பிக்கை இருக்குங்க. எஞ்சின்லதான் நெருப்பு இல்ல.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவரைப் பிடித்து, அவர் வீட்டுக் கரி அறையிலேயே அடைத்துப் பூட்டிவிட்டார்கள். சொந்த வீட்டுக்குள் போக அந்த மனிதருக்கு இத்தனை காலம் ஆனது. போன விதம் இது!

இப்போது இந்தத் தந்திக்கு வருகிறேன். நம் சங்கம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அந்த வடக்கு வல்லரசுக்கு அனுப்பப் போகும் தந்தி. “வல்லரசின் வாக்கில் முழு நம்பிக்கை வைத்துப் பொறுமையோடு காத்திருக்கிறோம்.” தலைவரே, கோபிக்க வேண்டாம். இதுவும் அதே உபசாரம். நாம் மரியாதைக்குச் சொன்னதை அவர்கள் சாசனமாக்கினார்கள். அவர்கள் சாசனமாக எழுதித் தந்ததோ வெறும் மரியாதைப் பேச்சு! இந்தத் தந்தியைப் படிக்கிறவன் என்ன குறித்துக்கொள்வான்? இருங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று குறித்துக்கொள்வான். பிறகு கரி அறையில் கிடக்கும் மனிதரை யார் போய்க் கேட்பது? வீட்டைக் கொடுத்தோம், பொறுத்தோம். வண்டியைக் கொடுத்தோம், பொறுத்தோம். மனிதரையும் கொடுத்துவிட்டுப் பொறுக்கவா போகிறோம்?

“இல்லை” என்கிறீர்கள். சத்தம் போதாது, கால்கள் வேண்டும்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. தலைவரே, முகம் சிவந்தும் என்னை உட்காரச் சொல்லாததற்கு உங்களுக்குத் தனி நன்றி. இனி நான் செய்யப்போவது:

1. தந்தியில் கையெழுத்துப் போட மாட்டேன்.

2. மேடையைவிட்டு இறங்கியதும் தூரான் அக்காவோடு கஸ்வீனுக்கு லாரி ஏறுவேன்.

3. அந்தக் கதவைத் தட்டி, இஸ்ஃபந்தியாரை விடுங்கள் என்று கேட்பேன். உள்ளே வந்து தேநீர் குடியுங்கள் என்பார்கள். குடிக்க மாட்டேன். வாசலைவிட்டு நகரவும் மாட்டேன்.

4. என்னையும் உள்ளே போட்டால், அக்கா நிற்பார். அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். லாரியில் இன்னும் பதினோரு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவருக்கு வணக்கம். வர முடியாதவருக்கும் வணக்கம். அந்தத் தந்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.