விளக்கு வராது என்று சொன்னவருக்கு

ஒளி காக்கும் பணியில் ஓய்வறியாதவரே! கலங்கரை விளக்கத்தின் கடைசிப் படிவரை காலையும் மாலையும் ஏறியவரே! எங்கள் அன்புக்குரிய தலைமைக் காப்பாளர் ஐயா அவர்களே! வணக்கம். இதற்குமேல் அடைமொழி நீண்டால், "விஷயத்துக்கு வாங்கப்பா" என்பீர்கள். வருகிறோம்.

தாங்கள் பணியில் சேர்ந்தபோது இங்கே எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதற்குக் காற்றடிக்க வேண்டும். லென்ஸைச் சுழற்றும் எடைக்கல்லைக் கையால் சுற்றி மேலேற்ற வேண்டும். பிறகு மின்சாரம் வந்தது, ஆளுயர லென்ஸை மோட்டார் சுழற்றியது. இப்போது அதே லென்ஸின் நடுவே உள்ளங்கையளவு எல்.இ.டி. விளக்கு. பழையது போகிறதே என்று எலெக்ட்ரீஷியன் வருந்தியபோது, "எனக்குத் தோள்வலி போச்சு. நீ எதுக்குய்யா அழற?" என்றீர்கள்.

இத்தனை மாற்றத்திலும் தங்கள் காலத்தில் கோபுரம் ஒரு மாலைகூட இருண்டதில்லை, சென்ற கோடை வரை.

மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று விளக்கறைத் திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டீர்கள். பகலில் அந்தத் திரை இல்லையென்றால் லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளிருப்பதை எரித்துவிடும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. அன்று வானம் மூடியிருந்தது. மூடியே இருக்கும் என்று நம்பிவிட்டீர்கள். பிற்பகலில் வெயில் வந்தது. புதிய விளக்கு உருகிப்போனது. மாற்று விளக்கு மறுநாள்தான் வரும். அவசர விளக்கின் ஒளி பாறைகளைத் தாண்டாது. படகுகளோ கடலில்.

"ரிட்டயர் ஆகப்போற நேரம், யாருக்கும் சொல்லாதீங்க ஐயா. இருட்டறதுக்குள்ள சரி பண்ணப் பாக்கறேன். முடியலேன்னா மின் கோளாறுன்னு எழுதிக்கலாம்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"நீ பாரு. ஆனா எரியும்னு நம்பி வர்றவனுக்கு முதல்ல சொல்லிடணும்" என்று வயர்லெஸை எடுத்தீர்கள்.

"எல்லாப் படகுக்கும் சொல்றேன். இன்னைக்கு விளக்கு வராது. திரையைத் துவைக்கப் போட்டு விளக்கை நான்தான் எரிச்சுட்டேன். பாறைப் பக்கம் வராதீங்க. விடியற வரைக்கும் வெளியவே நில்லுங்க."

இரைச்சலுக்கிடையே ஒரு படகோட்டியின் குரல்: "என்ன அண்ணே, வீட்லதான் துவைக்கறீங்கன்னு பாத்தா ஆபீஸ்லயுமா?"

சிரிப்பு படகுக்குப் படகு தாவியது. தாங்களும் சிரித்துவிட்டு, "போதும்டா. யார் யாரு கேட்டீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றீர்கள். கடைசிப் படகு பதில் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. விளக்கைச் சரிசெய்ய முடியவில்லை. விடிந்தபின் எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன.

'ஒரு நாளும் இருள விடாதவர்' என்று இந்தப் பணி நிறைவு மடலில் எழுத ஆசைப்பட்டோம். தாங்களே அந்த வரியை அடித்துவிடுவீர்கள். ஆகவே, 'இருண்ட நாளில் எல்லோருக்கும் சொன்னவர்' என்று எழுதுகிறோம். மடல் எழுதும் செய்தி படகுத்துறைக்கு எட்டியதும், "எங்களையும் சேர்த்துக்குங்க" என்று சிலர் வந்து கேட்டார்கள், சேர்த்திருக்கிறோம்.

இனி அந்திப் பொழுதுகளில் தாங்கள் எங்கும் ஏற வேண்டாம். அம்மாவோடும் பிள்ளைகளோடும் நல்ல உடல்நலத்துடனும் நிறைந்த உறக்கத்துடனும் நெடுங்காலம் வாழ்க!

அன்புடன்,
கலங்கரை விளக்கப் பணியாளர்கள்
மற்றும்
அன்று பதில் சொன்ன படகோட்டிகள்