கரண்டுக்கு ஐந்து வாக்கியம்

மலேசியாவில், காப்பாரிலிருந்து கிள்ளான் போகும் காலை பஸ். முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண். அவள் பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு ஆன்டி. அடுத்து, மின் நிலையத்தில் வேலை செய்யும் அண்ணன். வாசலில் கண்டக்டர். நடுவில் இன்னும் சில பயணிகள். கடைசி இருக்கையில் நான்.

"ஆன்டி, கரண்டுன்னா என்ன?" என்றாள் பெண்.

"லைட்டு எரியிதே, அதான். இதுகூடத் தெரியாதா?"

"அது எழுதிட்டேன். இங்கிலீஷ் டீச்சருக்கு அஞ்சு அர்த்தத்துக்கு அஞ்சு வாக்கியம் வேணுமாம். இல்லன்னா வகுப்புக்கு வெளிய நிக்கணும்."

"கடல்ல எங்க வீட்டுக்காரர் படகை இழுத்துட்டுப் போகுதே, அதுவும் கரண்டுதான். எழுது."

"பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட்," என்றார் அண்ணன்.

"ரேடியோவுல நாட்டு நடப்பு, கரண்ட் அஃபேர்ஸ். நாலு ஆச்சு லா," என்றார் கண்டக்டர்.

ஐந்தாவது இன்னும் பாக்கி. பெண் நகத்தைக் கடித்தாள்.

அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஆன்டி மீன் வாசத்தைக் கடைசி சீட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போகுதே காத்து, அது ஏர் கரண்ட்."

"என் மீனையா பாடத்துக்கு எழுதுற?" என்று கூடையை மூடிய ஆன்டிதான் முதலில் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. பெண் எழுதி முடித்து, மணியடித்து, பள்ளி வாசலில் இறங்கி ஓடினாள்.

"மீன் விக்கிற பாசார் எப்ப வரும்?" என்றார் ஆன்டி.

"அது போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சு ஆன்டி," என்றார் கண்டக்டர்.

பேச்சு சுவாரசியத்தில் சந்தையைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தவர்கள், என்னையும் சேர்த்து, ஆறு பேர்.