பெண் பார்க்க ஓர் ஆங்கிலச் சொல்

பஸ்ஸில் ஆங்கிலப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் மறைவில் அடுத்தவர் பேச்சைக் கேட்பது என் பழக்கம். வெட்கக்கேடுதான், விட முடியவில்லை. அன்று கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ்ஸில், முன்னிருக்கையில் ஒரு தாய்மாமனும் மருமகனும் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். எதையும் இங்கிலீஷில்தான் கேட்பாராம்.

“பொண்ணைப் பாத்தாச்சான்னு கேட்டா என்னடா சொல்லுவே?”

“இன்ஸ்பெக்ட் பண்ணிட்டேன் மாமா.”

“அது முனிசிபல் ஐயா கக்கூசைப் பாக்குறது.”

“எக்ஸாமின்?”

“நாக்கை நீட்டச் சொல்லுவியா?”

“அப்சர்வ்?”

“அது போலீஸ்காரன் கள்ளனைப் பாக்குறது.”

“பெரூஸ்?”

“பொண்ணு என்ன, வரி வரியா வாசிக்கக் காணி உறுதிப் பத்திரமா?”

மருமகன் வாடிப்போனான். “ஏற்கனவே ரெண்டு இடம் தட்டிப் போச்சு மாமா. இதுவும் போனா அம்மா தாங்க மாட்டாங்க.”

“அந்த ரெண்டு இடத்திலயும் நீ தரையைத்தானேடா பாத்தே? இங்கிலீஷை விடு. நிமிந்து பாரு, போதும்.”

மாலையில் திரும்பும் பஸ்ஸிலும் அவர்கள் எனக்கு முன்னால்தான் இருந்தார்கள். மாமாவின் மடியில் பெண் வீட்டார் கொடுத்த வாழைப்பழச் சீப்பு.

“ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரல. வச்ச கண் வாங்காம பாத்துக்கிட்டு நின்னே. பொண்ணே சிரிச்சிருச்சு. அப்புறம் அவங்கப்பா என்னத்தைக் கேக்குறது? சம்மதம்னுட்டார்.”

பத்திரிகைக்குப் பின்னால் நானும் சிரித்துவிட்டேன் போலும். மாமா திரும்பிப் பார்த்தார்.

“இந்த ஐயா காலையிலேருந்து அதே பக்கத்தையே பாக்குறாரே, அதுக்கு இங்கிலீஷ்ல என்னடா?”

“அது பாக்குறதுல சேராது மாமா, கேக்குறதுல சேரும்.”