பதினோரு மரம், பத்து மகரந்தத்தாள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாவரக் காப்பகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அன்னாரின் கணவரே! உங்கள் முன் அழ எனக்குத் தகுதி இல்லை. பேசும் கடமை மட்டும் இருக்கிறது.

யார் நம்மைப் பிரிந்தவர்? ‘பூதக்கண்ணாடி அக்கா’ என்று நாம் கேலியாய் அழைத்த மாபெரும் தாவரவியலாளர்! இருபத்திரண்டு ஆண்டுகள் மழைக்காட்டு அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து அலைந்தவர்! ஒரே சரிவில் நின்ற பதினோரு மரங்களைக் காட்டி, “இது எல்லாக் காட்டுலயும் இருக்கிற மரம் இல்ல, தனி இனம்” என்றவர்!

அந்த மரம் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூவைப் பார்க்காமல் இனத்தை எப்படி உறுதி செய்வது? காத்திருந்தார். பூத்தது. அறுபதடி உயரம் அவரே ஏறிப் பறித்தார்; உலர்த்தி, உறையிலிட்டு, என் மேசையில் வைத்தார்.

“சார், மத்ததுல மகரந்தத்தாள் அஞ்சு. இதுல பத்து. நீங்களே எண்ணிப் பாருங்க.”

எண்ணினேனா? இல்லை! அந்த மரத்தைச் சாதாரண இனத்தோடு சேர்த்துப் புத்தகம் எழுதியவன் நான். இருபது வருடப் புத்தகத்தை ஒரு பூவுக்காகத் திருத்துவதா என்ற வீம்பு! அந்தச் சரிவில் சாலை போடலாமா என்று கேட்டு அரசிடமிருந்து கடிதம் வந்தது. “தனி இனம் அல்ல” என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். உறையைப் பிரிக்கவே இல்லை.

மரங்கள் விழுந்த மறுவாரம் பிரித்தேன். பத்து! ஒவ்வொரு பூவிலும் பத்து!

அவர் நோயில் படுத்திருந்த மருத்துவமனைக்கு ஓடினேன். வாசலிலேயே கணவர் என்னை நிறுத்தினார். “மரம் போனது அவளுக்குத் தெரியாது. நீங்களா சொல்லாதீங்க. ஆனா கேட்டா மறைக்காதீங்க, பொய்ன்னா கண்டுபிடிச்சிடுவா.”

“அக்கா, நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். அந்த முகம் எப்படி மலர்ந்தது! மறுகணமே கேட்டார்: “எத்தனை நிக்குது?”

“ஒண்ணும் இல்லக்கா.”

சிரித்தார், தோழர்களே! “பரவால்ல சார். இனிமே யாரும் அதைத் தப்பா அடையாளம் சொல்ல முடியாது.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் மூன்று நாள் உயிரோடிருந்தார்; கட்டிய கணவரிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்லி அமர்வதுதான் முறை. எதைத் தொடர? அவர் எழுதிவைத்த இன விளக்கத்தை அவர் பெயரிலேயே வெளியிடுவேன். ஓர் எழுத்தும் மாறாது. ‘வளருமிடம்: ஒரே சரிவு, பதினோரு மரங்கள்’ என்று அதில் இருக்கிறது. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேரும்: இன்று எங்கும் இல்லை, அழித்தவன் நான்.