பட்டறைக்கு ஒரு பின்வாசல்

இல்ல கொத்தனாரே, எங்கண்ணன் சொன்ன அளவெல்லாம் சரிதேன். முன்னாடி பெரிய ஷட்டர் வேணும், டிராக்டர் உள்ள நுழையணும்ல. நான் கேக்குறது பின்பக்கம் ஒரு சின்ன வாசல். அம்புட்டுத்தேன். காத்துக்கா? ஆங், காத்துக்குன்னே வச்சுக்கங்களேன்.

மேடையா? தப்பா அளக்கலங்க. ரெண்டடி ஒசரம்தேன். அண்ணன் முக்காலியில ஒக்காந்துக்கிட்டே வேலை பாக்கணும்ல. வலது காலு முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு, பாத்தீங்கள்ல? வெவசாயம் இனி ஆகாது, கையி ரெண்டும் நல்லாத்தேன இருக்குங்கிறாரு. பழைய டிராக்டரா வாங்கிப் பிரிச்சு மேஞ்சு புதுசாக்கி ஓட விடணுமாம். பேரையூரச் சுத்தி எங்கெங்க துருப்புடிச்சுக் கெடக்குன்னு ஒரு நோட்டு நெறைய எழுதி வச்சிருக்காரு.

கூடமாட நாந்தேன், வேற யாரு? சிங்கப்பூருக்கு விசா வந்துச்சு. போகலைன்னுட்டேன். எப்புடிங்க போறது?

மொத வண்டியா? அந்தா, தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்குல்ல, அதுதேன். அண்ணன் காலு மேல கவுந்த வண்டி. பழைய இரும்புக்குப் போட்ருவோம்ணேன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். வண்டி மேல தப்பில்லடா, நாந்தேன் கொக்கி போட மறந்துட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னு அழுகுறாரு மனுசன்.

ஓ, வில்லாபுரத்துக்காரரு, டவுனு ஆளு, ஒங்களுக்குத் தெரியாதுல்ல. டிராக்டருக்கு ரெண்டு பிரேக்குங்க, எடத்துக்கு ஒண்ணு, வலத்துக்கு ஒண்ணு. வயல்ல ஒண்ண மட்டும் மிதிச்சாத்தேன் சட்டுனு வளையும். ரோட்டுக்கு வந்துட்டா ரெண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேத்துரணும். போடாம வேகத்துல மிதிச்சமுன்னா ஒரு சக்கரம் மட்டும் நிக்கும், வண்டி சுத்திக் கவுந்துரும். அன்னைக்கு ஆடு குறுக்க வந்துச்சுன்னு மிதிச்சிருக்காரு.

இப்பப் பட்டறையில மொத வேலையே, அந்தக் கொக்கிய எவனும் கழட்ட முடியாதபடி பத்த வச்சிர்றதாம். அவரு வெல்டிங் வைப்பாரு, நான் பெடலு ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா ஒக்காந்திருக்கணும். ஒன்னத் தவிர யாரையும் நம்ப மாட்டேன்டா தம்பிங்கிறாரு. கேக்குறப்பல்லாம் எந்திரிச்சு வெளிய போயிரணும்னு இருக்கு கொத்தனாரே. ஷட்டர் வாசல்ல அவரு முக்காலியப் போட்டு ஒக்காந்துட்டா நான் எங்கிட்டுப் போக?

ஏனா? வண்டி கவுந்ததுக்கு முந்துன நா சாயந்தரம் கடைசியா உழுதுட்டு வந்தது நாந்தேன். ஏதோ போன் வந்துச்சு, பேசிக்கிட்டே எறங்கிப் போயிட்டேன். கொக்கி போடல. அவரு விடியக்காலம் உரம் வாங்க எடுத்துட்டுப் போனாரு.

இந்தா வாரேண்ணே! கொத்தனாருகிட்டத்தேன் பேசிக்கிட்டிருக்கேன்!

கூப்புடுறாரு. ரெண்டடி வாசல் போதும், ஒரு ஆளு வெளிய போனாச் சரி.