மெல்ல இறங்கிய எண்கள்

எனக்கு இரண்டு விரலால்தான் டைப் அடிக்க வரும். எங்கள் வார்டில் கணினி வைத்தபோது எல்லோரையும்விட நான்தான் அதிகம் பயந்தேன். சிரிக்காதீர்கள். அந்தப் பயத்திலிருந்து தொடங்கினால்தான் மீதி உங்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் திரையில் ஒரு கட்டம். நாடி, பிரஷர், காய்ச்சல் பார்த்து நேரத்துக்குள் ஏற்றாவிட்டால் கட்டம் சிவந்துவிடும். மேட்ரன் தன் அறையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்ப்பார். "என்ன, உங்க வார்டுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து ஒரு கட்டத்தையும் நான் சிவக்க விட்டதில்லை.

ஆள் குறைவு, கட்டில் அதிகம். கட்டில் பக்கம் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்களைப் போட ஆரம்பித்தேன். முந்தைய எண்ணைப் பார்த்து நாடியில் ஒன்று கூட்டுவேன், பிரஷரில் இரண்டு குறைப்பேன். அப்படியே காப்பியடித்தால் சந்தேகம் வருமில்லையா? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேட்ரன்கூட மெச்சிக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் யார் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தாலும் மாலைவரை எல்லோரும் அதிலேயே ஏற்றுவோம். மூடித் திறப்பதற்குள் விடிந்துவிடும். நான் சொல்ல வந்த நாளன்று திறந்தவள் குட்டி சிஸ்டர், புதிதாகச் சேர்ந்த பெண். அவள் வார்டின் அந்தக் கோடியில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில், வயிற்றில் ஆபரேஷன் முடிந்த ஒரு பஸ் டிரைவர். மத்தியானம் அவர் மகள் என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், அப்பா கையெல்லாம் ஜில்லுனு இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

திரையைப் பார்த்தேன். "எல்லாம் நார்மலாத்தாம்மா இருக்கு. ஏசி குளிரா இருக்கும், போர்த்தி விடு."

பொய் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் சொன்னேன். அதைப் போட்டதே நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.

மறுபடி வந்தாள். "கூப்பிட்டா பதிலே வரல சிஸ்டர்."

எழுந்து போனேன். வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. நாடி இருக்கிறதா இல்லையா என்று ஓடியது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

டாக்டர் வந்தால் முதலில் திரையைத்தான் பார்ப்பார். சற்று முன்புவரை நன்றாக இருந்தவர் எப்படி ஒரேயடியாக விழுந்தார் என்று கேட்பார். எண்கள் படிப்படியாக இறங்கியிருக்க வேண்டும். பழையதைத் திருத்தினால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த எண்ணை அதன் நேரம் வருமுன் வாங்கவும் வாங்காது.

"டாக்டருக்குச் சொல்லியாச்சு, வந்துட்டே இருக்கார்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் குறைத்துப் போட்டேன். காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவள் அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். நம்பும்படி இறங்கிய பிறகுதான் போனை எடுத்தேன். டாக்டர் வருவதற்குள் அவர் போய்விட்டார். அதையும் நேரத்துக்குள் ஏற்றினேன்.

எல்லாம் குட்டி சிஸ்டர் பெயரில் ஏறியிருந்தது. அழுதுகொண்டிருந்த மகளுக்குச் சீருடையில் நாங்கள் எல்லோரும் ஒன்றுதான்; எந்த சிஸ்டரிடம் சொன்னாள் என்று அவளுக்குக் காட்டத் தெரியவில்லை. எண் இறங்குவதைப் பார்த்தும் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று குட்டி சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். நேற்று போனில் அழுதாள்.

"அந்த நம்பரையெல்லாம் எப்பப் போட்டேன்னே ஞாபகம் வரலக்கா. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?"

அவளும் திரையை நம்பத் தொடங்கிவிட்டாள். அதைக் கேட்டபோது வந்த பயம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. அதனால்தான் உங்கள் விசாரணைக்கு நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவளை விட்டுவிடுங்கள். எல்லாம் நான்தான். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் வந்து அந்த டிரைவரின் கையைப் பிடித்துப் பார்த்தபோது, திரையில் இருந்ததும் அவர் உடம்பில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. என் பதிவில் யாரும் பிழை சொல்ல முடியாது.